செய்யதம்மாளின் போனில் மணி ஐந்து

போன மாதம் ஒரே வாரத்தில் என் போனுக்குப் பதினொரு செய்திகள் வந்தன. அனுப்பியவர்கள் வேறு வேறு ஆட்கள். செய்தி மட்டும் ஒன்றுதான். "மதிப்பிற்குரிய மேடம், வீடியோ கேம் துறையில் தங்களின் நெடிய பயணம் என்னை வியக்க வைக்கிறது. தங்கள் தொடர்பு வட்டத்தில் என்னையும் இணைத்துக்கொள்ள வேண்டுகிறேன்." நாகர்கோவில் பக்கத்தில் ஒரு கல்லூரியில், துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஆட்களை எப்படி அறிமுகம் செய்துகொள்வது என்று பேசிவிட்டு வந்திருந்தேன். அதன் பலன் இது. யாரோ ஒரு பிள்ளை கம்ப்யூட்டரிடம் சொல்லி இந்தக் கடிதத்தை எழுதி வாங்கி வகுப்புக் குழுவில் போட்டிருக்கிறது. மற்றவர்கள் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிவிட்டார்கள். ஒரு பையன் அதைக்கூடச் செய்யவில்லை. அவன் செய்தியின் அடியிலும் "இப்படிக்கு, அபிநயா" என்றே இருந்தது.

நன்றாகச் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் சிரித்ததற்கு வெட்கமாகிவிட்டது. இந்தத் துறைக்குள் நுழைய நான் எடுத்துக்கொண்டு போன கடிதம் இதைவிட மோசம்.

அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. பெயர் ஜெசிந்தா, ஊர் இராஜாக்கமங்கலம் பக்கத்துக் கடற்கரை. நாகர்கோவிலில் ஒரு பிரவுசிங் சென்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வருகிறவர்களில் பாதிப் பேர் கேம் விளையாடத்தான் வருவார்கள். எந்த கேம் எந்த இடத்தில் போய் நின்றுவிடும், என்ன செய்தால் மறுபடி ஓடும் என்பதெல்லாம் எனக்கு அத்துபடி. ஒருநாள், திருவனந்தபுரத்தில் கழக்கூட்டம் பக்கம் ஒரு கேம் கம்பெனிக்கு டெஸ்டர்கள் வேண்டும் என்ற விளம்பரம் கண்ணில் பட்டது. கேம் வெளியாவதற்கு முன்னால் அதை விளையாடிப் பார்த்து, எங்கே உடைகிறது என்று எழுதிக் கொடுக்கிற வேலை. இதற்குச் சம்பளமும் உண்டா என்று எனக்கு ஆச்சரியம்.

எங்கள் ஊரில் எந்த வேலை என்று சொன்னாலும் முதல் கேள்வி ஒன்றுதான். என் அண்ணனும் அதையே கேட்டார். "அங்க நமக்கு ஆளு உண்டாட்டி?"

ஆள் யாரும் இல்லை. வேறு வழி தெரியாமல் எங்கள் சர்ச் பங்குச் சாமியாரிடம் போய் ஒரு கடிதம் வாங்கினேன். ஜெசிந்தா நற்குடும்பத்துப் பெண், ஞாயிறு திருப்பலிக்குத் தவறாதவர், பாடகர் குழுவில் இருக்கிறார், இவருக்கு ஆவன செய்யவும் என்று பங்கு முத்திரையோடு. வீடியோ கேம் கம்பெனி நேர்முகத்துக்கு அந்தக் கடிதத்தை ஃபைலில் முதல் தாளாக வைத்துக்கொண்டு போன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் டெஸ்டிங் தலைவி ரேணு. மலையாளி. என்னைவிடப் பத்து வயது இளையவர். கடிதத்தை முழுசாகப் படித்தார், முத்திரையையும் பார்த்தார். முகத்தில் ஒரு சுழிப்புக்கூட இல்லை.

"நல்ல கத்து, சேச்சி. பக்ஷே இந்த அச்சன் கேம் விளையாடுமோ?" மலையாளத்தில் கத்து என்றால் கடிதம், அச்சன் என்றால் சாமியார்.

"இல்ல மேடம்."

"அப்போ அச்சனுக்குத் தெரிஞ்சத அச்சன் எழுதி. சேச்சிக்குத் தெரிஞ்சத சேச்சி காட்டணும்." மேசையில் இருந்த போனை என் பக்கம் தள்ளினார். ஒரு பந்து உருட்டும் கேம். "இருபது நிமிஷம். இது எங்க உடையுது?"

இருபது நிமிடத்தில் நான்கு இடத்தில் உடைத்தேன். வேலை கிடைத்தது. சாமியாரின் கடிதத்தை ரேணு மேடம் திருப்பித் தரவே இல்லை. அவர் மேசை இழுப்பறையில் பல வருடம் கிடந்தது.

வேலை பழகிய முதல் வருடத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே கதவை நூறு தடவை திறந்து மூடினேன். ஆனால் மேடம் பிழை அறிக்கை எழுதச் சொல்லித்தந்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். நான் என்ன செய்தேன், என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும் என்று மூன்று பகுதி. "பயங்கரமாக", "திடீரென்று" என்ற சொற்கள் வந்தால் சிவப்புப் பேனா வரும். "பயங்கரமா என்று சொன்னா எத்தற செக்கண்டு?" என்று கேட்பார். அடியில் நாலாவதாக ஒரு வரி கட்டாயம்: முதலில் பார்த்தவர் யார். அறிக்கையை யார் வேண்டுமானாலும் எழுதலாம், ஆனால் முதலில் பார்த்தவர் பெயரை விடக்கூடாது. அந்த ஒரு வரியை மறந்ததற்காக என்னிடம் இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறார்.

இன்னொரு சட்டமும் உண்டு. ஒரு பிழையைத் திரும்ப வரவழைத்துக் காட்டும் முன், போனை அடியோடு துடைத்து, கடையிலிருந்து வாங்கியபடி ஆக்கிவிட வேண்டும். பழைய குப்பை எதுவும் குழப்பக் கூடாது என்பது அவர் நியாயம். இந்தச் சட்டம்தான் பிறகு எங்களைக் கவிழ்க்கப் பார்த்தது.

இரண்டாம் வருடம் பெங்களூரில் நடந்த ஒரு கேம் கூட்டத்துக்கு மேடம் என்னை அழைத்துப் போனார். நான் விசிட்டிங் கார்டு ஒரு பெட்டி நிறைய அடித்து வைத்திருந்தேன். முதல் நாள் மதியத்துக்குள் பாதிப் பெட்டி காலி. கல்யாண வீட்டில் சந்தனம் கொடுப்பது போல எல்லோருக்கும் நீட்டினேன். எல்லோரும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு அடுத்தவரைப் பார்த்தார்கள். கால் வலித்து, ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் மேசை பக்கம் போய் நின்றேன். விளையாடிப் பார்க்க ஒரு கேம் வைத்திருந்தார்கள். கை சும்மா இருக்குமா? கதாநாயகனை முன்னே நடத்தாமல், பின்னாலேயே நடத்திக்கொண்டு போய் ஒரு மூலையில் முட்டினேன். அவன் சுவருக்குள் பாதி புதைந்து நின்றுவிட்டான்.

அங்கே நின்ற உயரமான ஆள் தலையில் கை வைத்தார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "இவன் ஏன் பின்னால் வந்தால் மட்டும் மாட்டிக்கொள்கிறான்?" என்று கேட்டேன். உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைதான். அவர் ஒரு தாளை எடுத்துப் படம் போட்டு விளக்க ஆரம்பித்தார். அந்த கேமை எழுதிய புரோகிராமரே அவர்தான், பெயர் டாமஸ். ஒரு மணி நேரம் நின்றோம். கார்டு கொடுக்க மறந்தே போனேன். கடைசியில் அவராகக் கேட்டு என் பெயரை எழுதிக்கொண்டார்.

சில வருடம் கழித்து அந்தக் கம்பெனியே தன் கேம்களைச் சோதிக்க எங்களிடம் கொடுத்தது. அறிக்கைகள் போகும் பொதுப் பட்டியலில் மறுமுனையில் டாமஸ் இருந்தார். அவர் ஒரு பிழையைச் சரிசெய்து மூடும்போதெல்லாம் கீழே ஒரு வரி கேட்பேன்: எங்கே ஒளிந்திருந்தது? அவரும் இரண்டு வரி பதில் போடுவார். உத்தியோக வழக்கப்படி இது தேவையே இல்லாத வேலை. எனக்குத் தெரியாவிட்டால் தூக்கம் வராது, அவ்வளவுதான்.

இனி, என்னை உலுக்கிய அந்த வாரத்துக்கு வருகிறேன்.

அப்போது நான் டெஸ்டிங் குழுவில் மூத்தவள். தேங்காப்பட்டணத்திலிருந்து அப்சல் என்று ஒருவன் புதிதாகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகப்போகிறது. தகுதிகாண் காலம் அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அவன் அண்ணன் துபாயில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் இவனுக்கு வேலை பேசி, விசாவையும் தயாராக வைத்திருந்தார். கேம் வேலை நிரந்தரமானால் இங்கே, இல்லையென்றால் விமானம். "அக்கா, எனக்கு சாமான் அடுக்க விருப்பமில்ல. கேம் உண்டாக்கணும்" என்று என்னிடம் சொல்லியிருந்தான்.

சோதித்துக்கொண்டிருந்தது டாமஸின் கம்பெனி அனுப்பிய, தோட்டம் போடுகிற ஒரு கேம். தினமும் ஒரு விதை பரிசாகக் கிடைக்கும். நட்டு வளர்க்க வேண்டும். திங்கட்கிழமை அப்சல் ஓர் அறிக்கை எழுதினான்: பரிசு விதையை வாங்கியதும் தோட்டம் முழுக்க அழிந்து வெறும் மண்ணாகிவிட்டது. ஆபீஸ் போன்கள் போதாததால், அனுமதி வாங்கி எங்கள் சொந்த போன்களிலும் சோதிப்போம். இது அவன் வீட்டு போனில் வந்த பிழை. சட்டப்படி போனைத் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டினான். வரவில்லை. நான் ஓட்டினேன், வரவில்லை. பத்து போனில் ஓட்டினோம், எல்லாவற்றிலும் தோட்டம் ஜம்மென்று பூத்துக்கொண்டிருந்தது.

செவ்வாய் மாலை அந்தக் கம்பெனியின் வெளிநாட்டு மேலாளரிடமிருந்து பதில் வந்தது. திரும்ப வரவில்லை, எனவே மூடப்படுகிறது. கீழே இன்னொரு வரி: இந்த டெஸ்டரின் அறிக்கை இப்படி மூடப்படுவது மூன்றாம் முறை, இவர் தொடர்வது பற்றி யோசிக்கவும்.

"கள்ளம் சொல்லேல்ல அக்கா. எனக்க கண்ணால கண்டதாக்கும்" என்றான் அப்சல். முகம் வெளுத்திருந்தது. நான் நம்பினேன். நம்புவதை வைத்து அறிக்கை எழுத முடியாதே. எனக்கு அன்று வந்த கோபம் யார் மேல் என்று இன்றுவரை தெரியவில்லை.

புதன் காலை வழக்கம்போல நாகர்கோவிலில் ரயில் ஏறினேன். சீசன் டிக்கெட்காரர்களுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. முதலில் ஏறுகிறவர் பக்கத்து இருக்கையில் பையை வைத்துத் தன் கூட்டாளிக்கு இடம் போடுவார். என் கூட்டாளி கோட்டாற்றுக்காரி செய்யதம்மாள். திருவனந்தபுரத்தில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. புருஷன் துபாயில். ஏழெட்டு வருடமாக அவள் இடத்தில் என் சோற்றுப் பைதான் உட்கார்ந்திருக்கும். வண்டி நகரும் நேரத்துக்கு மூச்சிரைக்க வந்து பையைத் தூக்கி என் மடியில் போட்டுவிட்டு உட்காருவாள்.

அன்று அவள் கையில் புது போன், பெரிய திரை. வண்டி ஆறு முப்பத்தைந்துக்கு நகர்ந்தது. திரையில் மணி ஐந்து ஐந்து.

"ஏட்டி, ஒனக்க போன்ல மணி தப்பால்லா காட்டுது?"

"தப்பு ஒண்ணுமில்ல. அது மாப்ளக்க மணி." கையை நீட்டி வாட்ச்சைக் காட்டினாள். "இஞ்சத்த மணி இதுல இருக்கு. அஞ்சு மணிக்கு எந்திச்சு தொழுதுட்டு மெசேஜ் போடுவாரு. கணக்குக் கூட்டிக் கழிக்கதுக்கு எனக்கு வய்யா. ஒன்றர மணிக்கூறு பொறத்தால திருப்பி வச்சிட்டேன். எங்க தெருவுல பாதி வீட்டுல இப்படித்தான்."

எனக்குக் காதில் வண்டிச் சத்தம் நின்றுவிட்டது. "தா பாப்பம்" என்று போனை அவள் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கி, அமைப்புகளுக்குள் போனேன். நேரத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும் வசதியை அணைத்துவிட்டு, கடிகாரத்தைக் கையால் திருப்பியிருந்தாள். இடத்தை துபாய் என்று மாற்றியிருந்தால் பிரச்சினை இல்லை, அந்த ஊருக்கு அந்த மணி சரிதான். இவள் இந்தியாவில் இருந்துகொண்டே ஒன்றரை மணி நேரம் பின்னால் போய்விட்டாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை மேல் ஏதோ செய்தி வந்து விழுந்தது. செய்யதம்மாள் போனை வெடுக்கென்று பறித்துக்கொண்டாள். வெளிவராத கேமைப் பற்றி வெளியே மூச்சு விடமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டவள் நான். அவளிடம் ஒரு காரணமும் சொல்லவில்லை. உடனே அப்சலைக் கூப்பிட்டேன்.

"மக்கா, அந்தப் போன துடைக்கியதுக்கு முன்ன அதுல மணி என்ன காட்டிச்சு?"

"துபாய் மணியாக்கும். அது உம்மாக்க போன்லா அக்கா, என்னது கேடு வந்ததுக்குப் பொறவு அதத்தான் கொண்டு நடக்கேன். அது எப்பவும் அப்படித்தான் இருக்கும்."

"இத ஏம்ல சொல்லல?"

"அதுல சொல்ல என்ன இருக்கு?"

அவனைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஜில்லாவில் அது சாதம் வடித்து வைத்திருப்பதைப் போன்ற விஷயம். யாராவது அறிக்கையில் எழுதுவார்களா? போனைத் துடைத்ததும் கடிகாரம் தானாகச் சரியாகிவிட்டது. பிழையும் சேர்ந்து துடைபட்டுப் போய்விட்டது.

ஆபீசில் மேடம் முன்னால் ஒரு போனை எடுத்து, கடிகாரத்தைக் கையால் ஒன்றரை மணி நேரம் பின்னே தள்ளி, பரிசு விதையைத் தொட்டேன். தோட்டம் வெறும் மண்ணானது.  மேடம் வேறு போன் எடுத்துத் தானே செய்தார். இன்னொன்று. மூன்றிலும் மண். நாற்காலியில் சாய்ந்து கண்ணாடியைக் கழற்றினார்.

"துடைக்கான் சொன்னது ஞானல்லே. என் தப்பு, சேச்சி."

தன் சட்டமே தவறு என்று குழு முழுக்கக் கேட்க ஒரு தலைவி சொல்லி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அன்றிலிருந்து சட்டம் மாறியது: துடைக்கும் முன் போன் இருக்கிற நிலையை ஒரு பக்கம் எழுத வேண்டும், முதல் வரி மணி.

ஆனால் மேலாளர் மூடிய அறிக்கையைத் திறக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை. அவர் விடுமுறைக்கு வேறு போய்விட்டார். மேடத்திடம் சொல்லிவிட்டு, டாமஸுக்கு நேராக எழுதினேன். மூன்று பகுதி, அடியில் நாலாவது வரி, முதலில் பார்த்தவர்: அப்சல். அதன் கீழே என் வழக்கமான ஒரு வரி: இது எங்கே ஒளிந்திருக்கிறது?

ஒரு மணி நேரத்தில் பதில். அன்று அவருக்கு இருநூறு அறிக்கை வந்து கிடந்ததாம். ஒளிந்திருக்கும் இடத்தைக் கேட்கிற ஆள் ஒருத்திதான் என்பதால் இதைத் திறந்தாராம். கடிகாரத்தை மாற்றிப் பரிசு விதைகளைத் திருடுகிறவர்களைப் பிடிக்க அவரே ஒரு காவல் வைத்திருந்தார். பரிசு வாங்கும் நேரத்தில் போன் மணி பொய் சொன்னால், திருடன் என்று முடிவுகட்டித் தோட்டத்தை அழித்துவிடும். பிறகு கேட்டிருந்தார்: திருட நினைக்காத ஒருவர் ஏன் கடிகாரத்தைத் தவறாக வைத்துக்கொள்ளப் போகிறார்?

நான் எழுதினேன். எங்கள் ஊர்ப் பெண்களின் புருஷன்மார் வளைகுடாவில் இருக்கிறார்கள். அவர்கள் எழும் நேரம், சாப்பிடும் நேரம், கூப்பிடும் நேரம் தெரிவதற்காக இவர்கள் போனை அந்த ஊர் மணிக்கு வைத்திருக்கிறார்கள். உங்கள் காவல்காரன் இவர்களைத்தான் முதலில் பிடிப்பான்.

 வியாழன் மாலை அறிக்கை திறக்கப்பட்டு, சரிசெய்யப்பட்டு, மூடப்பட்டது. மணி வேறுபட்டால் அன்றைய விதை மட்டும் கிடைக்காது, காவல்காரன் தோட்டத்தைத் தொடமாட்டான். வெள்ளிக்கிழமை அப்சலின் வேலை நிரந்தரமானது. அவன் அண்ணனுக்குப் போன் போட்டு அழுததைப் படிக்கட்டில் நின்று கேட்டேன். எனக்கும் அழுகை வந்தது. மூன்று வருடம் கழித்து டாமஸ் வேறு கம்பெனிக்குப் போய் ஆள் எடுத்தபோது, என்னைக் கேட்கவில்லை. "கடிகாரப் பிழையை முதலில் பார்த்தவர் இன்னும் அங்கே இருக்கிறாரா?" என்று கேட்டார். அப்சல் இப்போது அங்கே கேம் உண்டாக்குகிறான்.

அந்தப் பதினொரு பேருக்கும் நான் ஒரே கேள்வியைத் திருப்பி அனுப்பினேன்: அன்று நான் பேசியதில் உங்களுக்குப் புரியாதது எது? மூன்று பேர்தான் பதில் போட்டார்கள். அபிநயாவின் பெயரை மாற்றாதவன் எழுதியிருந்தான்: "மேடம், உண்மைய சொல்லட்டா, அன்னைக்கு நான் வரவே இல்ல. நீங்க என்ன வேல பாத்தீங்க?" அவனோடு இப்போதும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு பாக்கி இருந்தது. நான் ஓய்வு பெற்று, அந்தத் தோட்ட கேமையும் அவர்கள் ஒரேயடியாக மூடிய பிறகு, செய்யதம்மாளிடம் சொல்லலாமா என்று மேடத்திடம் கேட்டேன். இனிச் சொல்லலாம் என்றார். போன வாரம் கோட்டாற்றில் செய்யதம்மாள் வீட்டுக்குப் போனேன். அவளும் ஓய்வு பெற்றாயிற்று. அவள் புருஷனும் ஊரோடு வந்தாயிற்று. முதலிலிருந்து கடைசி வரை சொன்னேன். அப்சல், விசா, அழிந்த தோட்டம், அவள் போன். 

"அதுக்காக்கும் அன்னைக்கு பறிச்சிப் பாத்தியா?" என்றாள். "நான் மாப்ளக்க மெசேஜ படிக்கியான்னு நெனச்சேன். அவருக்கு முந்தின நாளு அங்க வேல போயிருந்து. ஒருத்தர்ட்டயும் சொல்லாண்டாம்னு எழுதியிருந்தாரு. நீ படிச்சிட்டு ஊரெல்லாம் சொல்லுவியோன்னு பயந்து, ரெண்டு நாளு வேற பெட்டிலல்லா ஏறுனேன்."

அந்த இரண்டு நாளும் அவள் லீவு என்றுதான் நான் நினைத்திருந்தேன். அறிக்கை சந்தோஷத்தில் விசாரிக்கக்கூட இல்லை. அத்தனை பேரிடம் அத்தனை கேள்வி கேட்டவள், பக்கத்தில் இருந்தவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.

"பின்ன ஏன் மூணாவது நாளு வந்து உக்காந்த?" என்றேன்.

"ஜன்னல் வழியா பாத்தேன். ரெண்டு நாளும் எனக்க எடத்துல ஒனக்க சோத்துப் பை இருந்து. ஒரு ஆளு நிண்ணு சண்ட போடுகான், நீ எடுக்கல்ல. பேர கெடுக்க நினைக்கியவ எடம் போட்டு வைப்பாளா?"

 அவள் போன் பக்கத்தில் கிடந்தது. கையை நீட்டப் போனவள் நிறுத்திக்கொண்டு, "பாக்கட்டா?" என்று கேட்டேன்.

"பாரு."

சுவர்க் கடிகாரத்தில் நான்கு. போனில் இரண்டரை.

"அவருதான் வந்தாச்சேட்டி, இன்னும் என்னத்துக்கு இந்த மணி?"

"இப்பம் மொவன் அங்க இருக்கான்" என்றாள் செய்யதம்மாள். "சாப்பிடுக நேரம். இப்பம் விளிப்பான், இரி."

இருந்தேன்.